பழைய குப்பைமேட்டுக்கு அருகில் உங்கள் கிணறு: திருகோணமலை வீட்டாருக்கான முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் ஒரு கிணற்றின் தண்ணீர் உவர்க்கத் தொடங்கினால் பழி முதலில் கடலின் மேல்தான் விழுகிறது. உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவு, கிண்ணியா, மூதூர் போன்ற கரையோர ஊர்களில் அந்தப் பழி பெரும்பாலும் நியாயமானதும்கூட. அங்கே மணலுக்கு அடியில் இருக்கும் நன்னீர், கடல்நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்துகொண்டிருக்கிறது. ஆனால் அந்த விளக்கம் எளிதில் கைக்கு வருவதாலேயே வேறொரு காரணம் கவனத்துக்கு வராமல் போய்விடுகிறது. பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பு கைவிடப்பட்டு, மேலே மண் போட்டு மூடப்பட்டு, இன்று புல் முளைத்த வெறுங்காணியாகவோ விளையாட்டு மைதானமாகவோ தெரிகின்ற பழைய குப்பைமேடுதான் அந்தக் காரணம். மேட்டின் அயலில் கிணறு வைத்திருப்பவர்கள் தங்கள் நீரைத் தாங்களே விசாரித்து அறிவதற்கும், அறிந்தபின் செய்யவேண்டியவற்றைச் செய்வதற்கும் உரிய படிகள் இங்கே வரிசையாகத் தரப்படுகின்றன.

மூடிய மேடு ஏன் ஓய்வதில்லை

குப்பை கொட்டுவது நின்றுவிட்டால் மாசும் நின்றுவிடும் என்ற எண்ணம் தவறானது. அடியில் களிமண்ணோ தடுப்பு விரிப்போ இல்லாமல் நேரே மணலின் மேல் கொட்டப்பட்ட குப்பைக்குள் ஒவ்வொரு மாரியிலும் மழைநீர் இறங்குகிறது. அழுகிய உணவு, சாம்பல், பற்றரி, மருந்துக் கழிவு, சவர்க்காரத் தூள் ஆகியவற்றில் கரையக்கூடியவற்றைக் கரைத்துக்கொண்டு நிலத்தடி நீரை அடைகிறது. இதைக் கசிவுநீர் என்கிறோம். முதற் சில ஆண்டுகளில் அது புளிப்புத் தன்மையும் கடும் நாற்றமும் கொண்டதாக இருக்கும். பிறகு ஒட்சிசன் இல்லாத நிலையில் மெதேன் வாயு உண்டாகும் கட்டம் தொடங்கும்போது நாற்றம் குறைகிறது, நிறம் தெளிகிறது, மக்களும் மறந்துவிடுகிறார்கள். ஆனால் அமோனியாவும் குளோரைட்டும் அதற்குப் பின்னரும் பல பத்தாண்டுகளுக்கு வெளியேறிக்கொண்டே இருக்கின்றன.

மாரியில் இன்னொன்றும் நடக்கிறது. வடகீழ்ப் பருவமழையில் நீர்மட்டம் உயரும்போது, பழைய மணற்குழிகளிலும் சதுப்புகளிலும் கொட்டி நிரப்பப்பட்ட குப்பையின் அடிப்பகுதி நேரடியாக நிலத்தடி நீருக்குள் அமிழ்ந்துவிடுகிறது. மேலே எவ்வளவு மண் போட்டிருந்தாலும் இதனைத் தடுக்க முடியாது.

முதலாம் படி: மேடு எங்கே இருந்தது என்று உறுதிப்படுத்துதல்

ஊரில் வயது முதிர்ந்தவர்களிடமும், உள்ளூராட்சி மன்றத்தில் முன்பு குப்பை லொறி ஓட்டியவர்களிடமும் கேளுங்கள். எழுத்தில் இல்லாத பல விடயங்கள் அவர்களிடம் இருக்கும். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை கொட்டினார்கள், குழியிலா தரையிலா, ஆஸ்பத்திரிக் கழிவு வந்ததா, பற்றரி உடைத்தார்களா, எரித்தார்களா என்பவை முக்கியமான கேள்விகள். கூகுள் ஏர்த்தில் பழைய ஆண்டுகளின் செய்மதிப் படங்களைப் பார்க்கும் வசதி இருப்பதால், மேட்டின் எல்லையை அதில் சரிபார்த்துக்கொள்ளலாம். நிலம் ஆங்காங்கே அமிழ்ந்திருப்பதும், தோண்டினால் எரிந்த கண்ணாடியும் பொலித்தீனும் கிளம்புவதும் அடையாளங்கள்.

இரண்டாம் படி: நீர் எந்தப் பக்கம் போகிறது

பெரும்பாலானோர் தவிர்க்கும் படி இதுதான். எனது கருத்தில் மிக முக்கியமானதும் இதுவே. கசிவுநீர் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவுவதில்லை. நிலத்தடி நீர் ஓடும் திசையில் நீண்ட நாக்காக நகர்கிறது. மேட்டிலிருந்து ஐம்பது மீற்றர் தூரத்தில், மேல்புறமாக, அதாவது நிலத்தடி நீர் மேட்டை நோக்கி வரும் பக்கத்தில், உள்ள கிணறு சுத்தமாக இருக்க, முந்நூறு மீற்றர் தள்ளிக் கீழ்ப்புறமாக, அதாவது நீர் மேட்டைக் கடந்து போகும் பக்கத்தில், உள்ள கிணறு கெட்டிருக்கலாம். எனவே தூரத்தை மட்டும் வைத்து நிம்மதி அடையவோ அஞ்சவோ கூடாது.

திசையை அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மேட்டைச் சுற்றி, ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று கிணறுகளைத் தெரிவுசெய்யுங்கள். அதிகாலையில், எந்த வளவிலும் தண்ணீர் மோட்டரைப் போடுவதற்கு முன், கனமான பொருள் கட்டிய அளவு நாடாவை இறக்கி, கிணற்றுக் கட்டின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரையான ஆழத்தை ஒவ்வொன்றிலும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மேசன்மார் அத்திவாரம் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும், நீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயைக் கொண்டு மூன்று கட்டுகளின் விளிம்புகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஏற்றம் இறக்கம் என்று அளக்கவேண்டும். குழாய் எட்டாத தூரமானால் இடையில் முளை அடித்து, முளைக்கு முளை மட்டத்தைக் கடத்திச் செல்லலாம். குழாய்க்குள் காற்றுக் குமிழி ஒன்று இருந்தாலும் அளவு பிழைக்கும் என்பதால், இரு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, நீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

விளிம்பின் உயரத்திலிருந்து ஆழத்தைக் கழித்தால் மூன்று நீர்மட்டங்களும் கிடைக்கும். தாளில் மூன்று கிணறுகளையும் அளவுத்திட்டத்துக்கு வரைந்து, மிக உயர்ந்த மட்டத்துக்கும் மிகத் தாழ்ந்த மட்டத்துக்கும் இடையில் ஒரு கோடு இழுங்கள். நடு மட்டத்துக்குச் சமமான மட்டம் அந்தக் கோட்டில் எந்த இடத்தில் வரும் என்று விகிதப்படி கணக்கிட்டு, அந்தப் புள்ளியை நடுக் கிணற்றோடு இணையுங்கள். அந்த இணைப்புக்குச் செங்குத்தாக, உயர்விலிருந்து தாழ்வை நோக்கிச் செல்வதே நீரோட்டத்தின் திசை.

வேகத்தையும் ஓரளவு ஊகிக்கலாம். நூறு மீற்றருக்கு 20 சென்ரிமீற்றர் சரிவும், நாளொன்றுக்கு 10 மீற்றர் நீர்கடத்தும் திறனும் (மணல் நீரை எவ்வளவு எளிதாக ஊடுசெல்ல விடுகிறது என்ற அளவு), மணல்மணிகளுக்கு இடையே 30 சதவீத வெற்றிடமும் உள்ள மணலில் நீர் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 24 மீற்றர் நகரும். பத்தாண்டுக்கு முன் மூடிய மேட்டின் கசிவுநீர் இப்போதுதான் சில வளவுகளை எட்டுகிறது என்றால் அதில் வியப்பில்லை.

இந்த முறை மணற்பாங்கான நிலத்துக்கே பொருந்தும். கன்னியாப் பக்கமும் நகரின் குன்றுகளை அண்டியும் பாறையில் துளைத்த குழாய்க் கிணறுகளில் நீர் வெடிப்புகளின் வழியே செல்வதால், சரிவு ஒரு பக்கமும் ஓட்டம் இன்னொரு பக்கமுமாக இருக்கக்கூடும். அங்கே ஒவ்வொரு கிணற்றையும் தனித்தனியே சோதிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாம் படி: வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

கிணற்றிலிருந்து அள்ளியவுடன் தெளிவாக இருக்கும் தண்ணீரை வெள்ளைப் போத்தலில் நிரப்பி ஒரு மணிநேரம் வையுங்கள். மஞ்சளாகவோ செங்காவியாகவோ மாறினால் அதில் கரைந்த இரும்பு இருக்கிறது. அந்தத் தண்ணீரில் ஊற்றிய தேத்தண்ணீர் வழக்கத்துக்கு மாறாகக் கறுத்துப்போகும், சோறு பழுப்பேறும், கிணற்றுக் கட்டின் உட்புறத்தில் செம்மஞ்சள் நிறத்தில் வழுவழுப்பான பாசி போன்ற படிவு பிடிக்கும். குப்பைக்கு அடியில் ஒட்சிசன் தீர்ந்துபோகும்போது மணலிலுள்ள இரும்பு கரைந்து வெளிவருவதே இதற்குக் காரணம். சதுப்பு நிலங்களில் இயற்கையாகவும் இரும்பு உண்டு. ஆகவே மேட்டின் மேல்புறத்துக் கிணறுகளில் இல்லாமல் கீழ்ப்புறத்தில் மட்டும் இருக்கிறதா என்பதே கேள்வி.

நீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு ஏடு படர்ந்திருந்தால், சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தியை நினைத்து மக்கள் பதறுவது இயல்பு. ஒரு குச்சியால் அந்த ஏட்டைக் குத்திப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்து பிரிந்தே நின்றால் அது இரும்புப் பற்றீரியாவின் படலம். சுழன்று மீண்டும் ஒன்றுகூடினால் எண்ணெய்.

கைக்கடக்கமான டி.டி.எஸ். மீட்டர் ஒன்று பயனுள்ளது. ஆனால் அது உப்பின் மொத்த அளவைச் சொல்லுமே தவிர எந்த உப்பு என்று சொல்லாது. அண்டைக் கிணறுகளை ஒப்பிடவும் மாதந்தோறும் மாற்றத்தைக் கவனிக்கவும் மட்டுமே அதனை நம்புங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியே ஆகவேண்டும். மேட்டுக்கு அருகிலுள்ள பாழ்கிணற்றுக்குள் எக்காரணம் கொண்டும் இறங்காதீர்கள். காற்று நல்லதா என்று பார்க்க விளக்கை இறக்கும் பழைய வழக்கத்தையும் அங்கே செய்யக்கூடாது. குப்பையிலிருந்து வரும் மெதேன், காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது தீ பட்டால் வெடிக்கும்.

நான்காம் படி: மாதிரி எடுத்தல்

ஆண்டில் இரண்டு தடவை எடுக்கவேண்டும்: மாரி தொடங்குவதற்குச் சற்று முன், புரட்டாதி மாதக் கடைசியில் ஒன்று, நீர்மட்டம் நன்கு ஏறியபின், மார்கழி அல்லது தையில் ஒன்று. ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்தால், கோடையில் செறிவதையும் மாரியில் கழுவி வருவதையும் பிரித்தறிய முடியாது. மேல்புறக் கிணறு ஒன்றும் கீழ்ப்புறக் கிணறுகள் இரண்டோ மூன்றோ ஒரே நாளில் எடுக்கப்படவேண்டும். மேல்புறக் கிணற்றின் முடிவு இல்லாமல் மற்றவற்றின் எண்களுக்குப் பொருளில்லை.

போத்தலை அதே கிணற்று நீரால் மூன்று முறை அலசி, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழிருந்து, காற்று இல்லாமல் நிரப்புங்கள். குழாய்க் கிணறாயின் சில நிமிடங்கள் ஓடவிட்டு எடுக்கவேண்டும். உலோகச் சோதனைக்கான போத்தலில் நைத்திரிக் அமிலம் சேர்க்கவேண்டியிருப்பதாலும் பற்றீரியாச் சோதனைக்குக் கிருமிநீக்கிய போத்தல் வேண்டியிருப்பதாலும், இவ்விரண்டையும் ஆய்வுகூடத்திலிருந்தே கேட்டுப் பெறுங்கள், இவற்றை அலசக்கூடாது. பற்றீரியா மாதிரி பனிக்கட்டியில் வைத்து 24 மணிநேரத்துக்குள், இயன்றால் அன்றே, ஒப்படைக்கப்படவேண்டும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்கள் கட்டணத்துக்குப் பொதுமக்களின் நீரையும் சோதிக்கின்றன. எந்தச் சோதனை எங்கே செய்யப்படும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: எதைச் சோதிப்பது, அறிக்கையை எப்படி வாசிப்பது

அச்சத்தில் பலர் முதலில் ஈயம், கட்மியம் போன்ற பார உலோகங்களைச் சோதிக்கப் பெருந்தொகை செலவிடுகிறார்கள். முதிர்ந்த மேட்டில் அமிலத்தன்மை நீங்கிவிடுவதால் உலோகங்களில் பெரும்பகுதி சல்பைட்டாகக் குப்பைக்குள்ளேயே கட்டுப்பட்டு நிற்கும். அறிக்கை சுத்தம் என்று வரும்; வீட்டார் நிம்மதியாகக் கெட்ட நீரைக் குடிப்பார்கள். ஆகவே முதலில் மின்கடத்துதிறன் (கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டுவது), குளோரைட்டு, அமோனியா, நைத்திரேற்று, பொற்றாசியம், இரும்பு, மங்கனீசு, ஈ. கோலை (மலம் கலந்ததைக் காட்டும் பற்றீரியா) ஆகியவற்றைக் கேளுங்கள். வசதியிருந்தால் போரனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பற்றரி உடைத்த, மின்சாதனக் கழிவு எரித்த இடம் என்று முதலாம் படியில் தெரியவந்திருந்தால் மட்டும் உலோகங்களையும் தொடக்கத்திலேயே சேர்க்கவேண்டும்.

இனிக் கடலையும் குப்பையையும் பிரித்தறியும் கணக்கு. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைட்டும் 390 மில்லிகிராம் பொற்றாசியமும் இருக்கின்றன. உங்கள் கிணற்றில் 2 சதவீதம் கடல்நீர் கலந்தால் குளோரைட்டு 380 மில்லிகிராம் கூடும். பொற்றாசியமோ 8 மில்லிகிராம் அளவே கூடும். அமோனியா ஏறக்குறைய ஒன்றுமே கூடாது. ஆகவே குளோரைட்டு 400, பொற்றாசியம் 60, கூடவே அமோனியாவும் உண்டு என்று அறிக்கை சொன்னால் அதற்குக் கடலைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த நீருக்குள் வேறு கழிவு வந்திருக்கிறது.

அந்தக் கழிவு குப்பைமேடுதானா என்பது அடுத்த கேள்வி. மலசலகூடக் குழி அருகில் இருந்தால் அமோனியாவோடும் நைத்திரேற்றோடும் ஈ. கோலையும் தென்படும். நிலாவெளிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்கள் போன்று உரமிடும் காணிகளை அண்டிய கிணறுகளில் நைத்திரேற்றும், பொற்றாஷ் உரமானால் பொற்றாசியமும் கூடியிருக்கும். ஆனால் அமோனியாவும் கரைந்த இரும்பும் அவ்வளவாக இரா. மேட்டின் கசிவுநீரில் அமோனியா, பொற்றாசியம், இரும்பு, மங்கனீசு ஆகியன ஒருங்கே உயர்ந்திருக்கும்.

நைத்திரேற்று விடயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். ஒட்சிசன் அற்ற இடத்தில் நைத்திரேற்று நிலைக்காது என்பதால், மேட்டுக்கு மிக அருகிலுள்ள கிணற்றில் அது மிகக் குறைவாகவும், தள்ளியுள்ள கிணற்றில், அமோனியா ஒட்சியேறி, அதிகமாகவும் இருக்கலாம். அருகிலுள்ள கிணற்றின் குறைந்த நைத்திரேற்று நற்சான்று அல்ல.

எல்லைகளுக்கு இலங்கையின் குடிநீர்த் தரநிலையான எஸ்.எல்.எஸ். 614ஐ வைத்துக்கொள்ளுங்கள். அதன்படி லீற்றருக்குக் குளோரைட்டு 250, நைத்திரேற்று 50, கரைந்த திண்மங்கள் 500, இரும்பு 0.3 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது; ஈயமும் ஆசனிக்கும் 0.01, கட்மியம் 0.003 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும், ஈ. கோலை 100 மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. அறிக்கையில் நைத்திரேற்று என்றே எழுதியிருக்கிறதா, நைத்திரேற்று நைதரசன் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இரண்டாவதாயின் 4.43ஆல் பெருக்கிய பின்பே ஒப்பிடவேண்டும்.

ஆறாம் படி: முடிவு கெட்டதாக வந்தால் அன்றே செய்யவேண்டியவை

கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தண்ணீரை முதலில் மாற்றுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலை நைத்திரேற்று குறைத்துவிடும்; உதடும் நகமும் நீலம் பாய்ந்தால் அது உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய நிலை. அடுத்து கர்ப்பிணிகள். மற்றவர்களுக்கு ஓரிரு நாள் அவகாசம் எடுக்கலாம், இவர்களுக்கு எடுக்கக்கூடாது.

கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகும். நைத்திரேற்றும் உப்பும் உலோகமும் போகமாட்டா. நீர் வற்றுவதால் இன்னும் செறிவாகும். பிளீச்சிங் பவுடரும் இங்கே நம்பத்தகுந்ததன்று. ஒரு மில்லிகிராம் அமோனியா நைதரசன் எட்டு முதல் பத்து மில்லிகிராம் குளோரினை விழுங்கிவிடுவதால், வழக்கமான அளவில் போட்ட குளோரின் கிருமியைக் கொல்ல மிஞ்சாது. சாதாரண மண், கரி வடிகட்டிகளால் நைத்திரேற்று அகலாது. நீரை நுண்ணிய சவ்வின் ஊடாக அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் பெரும்பாலானவற்றை அகற்றும். ஆனால் அது கழிக்கும் நீரைக் கிணற்றடியில் ஊற்றினால் வந்த இடத்துக்கே திரும்பிச் செல்லும்.

கிணற்றை இறைத்துச் சுத்தமாக்கிவிடலாம் என்று பெரிய மோட்டர் போடாதீர்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரக் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தபோது அடியிலிருந்த உப்புநீர் மேலேறி வந்த அனுபவம் கிழக்குக் கரைக்கு உண்டு. கோட்பாட்டின்படி கரையோர மணலில் நன்னீர் மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கினால் உப்புநீர் எல்லை 4 மீற்றர் ஏறும்; மேட்டுப் பக்கத்துக் கசிவுநீரும் உங்கள் பக்கம் இழுபடும். கைவிட்ட கிணற்றைக் குப்பையால் நிரப்புவதும் கூடாது. அது அயலாரின் நீருக்குள் நேராக வழி திறந்துவிடுவதாகும்.

ஏழாம் படி: மாற்று நீர்

குழாய் நீர் இணைப்புக் கிடைக்கும் இடங்களில் அதற்கு விண்ணப்பிப்பதே முதல் வழி. கிடைக்காத இடங்களில் மழைநீர்த் தாங்கி நம் மாவட்டத்துக்கு நன்றாகப் பொருந்தும். 50 சதுர மீற்றர் ஓட்டுக் கூரையில் 1,000 மில்லிமீற்றர் மழை விழுந்தால், ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 40,000 லீற்றர் கிடைக்கும். ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லீற்றர் எனக் கொண்டால் ஆறு மாதக் கோடைக்கு 4,500 லீற்றர் போதும். ஆகவே 5,000 லீற்றர்த் தாங்கி ஒன்று, மாரியில் நிரப்பி மூடிவைத்தால், குளிக்கவும் துவைக்கவும் கிணற்றை விட்டுக் குடிநீர்த் தேவையை முழுதும் தாங்கும். முதல் மழை கூரையைக் கழுவிச் செல்ல விடுங்கள். நுளம்பு புகாதபடி வலையிடுங்கள். மேட்டில் இன்னமும் குப்பை எரிப்பவர்கள் இருந்தால் புகைப்படிவு கூரையில் விழும் என்பதால் எரிப்பதை நிறுத்தச் செய்வது இதற்கும் முன்நிபந்தனை.

எட்டாம் படி: மேட்டைச் சரிசெய்யக் கோருதல்

தனி வீட்டின் முறைப்பாடு கோப்பில் உறங்கும். கிணறுகளின் வரைபடமும், மேல்புறம் கீழ்ப்புறம் என்று பிரித்த சோதனை முடிவுகளும் இணைத்த கூட்டு மனுவைத் தட்டிக்கழிப்பது கடினம். பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், உள்ளூராட்சி மன்றத்துக்கும், பிரதேச செயலாளருக்கும், மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் பிரதி அனுப்புங்கள். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இந்த அதிகார சபையின் அடிப்படை. மேட்டில் என்ன கொட்டப்பட்டது, முன்பு நீர் சோதிக்கப்பட்டதா என்பதை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் தமது தீர்மானத்தைச் சொல்லவேண்டும். யாரும் அசையாவிட்டால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவின்கீழ் பொதுத் தொல்லையாக நீதவான் நீதிமன்றத்தை நாடும் வழியும் உண்டு; அதற்கு ஒரு சட்டத்தரணியின் ஆலோசனை தேவை.

மனுவில் "குப்பையை அகற்று" என்று மட்டும் எழுதாதீர்கள். பழைய மேட்டை மாரியில் கிளறினால் அடங்கியிருந்ததெல்லாம் ஒன்றாக வெளிவரும். மழைநீர் தேங்காமல் வழிந்தோடும் சரிவுடன் இறுக்கிய களிமண் மூடி, சுற்றிவர வெள்ளம் மேட்டுக்குள் புகாத வாய்க்கால், கீழ்ப்புறத்தில் நிரந்தரக் கண்காணிப்புக் கிணறுகள், பாதிக்கப்பட்ட வீடுகளுக்குக் குழாய்நீர் வரும்வரை பவுசர் நீர், மேட்டின் மேல் வீடு கட்ட அனுமதி இல்லை என்ற எழுத்து மூல முடிவு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். 2017 ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தபின் குப்பைமேடுகளைப் பற்றி நாடே பேசியது. நிலத்துக்கு அடியில் மெதுவாக நடப்பதற்கு அப்படிச் செய்தி ஆகும் நாள் வராது. அதனால்தான் எண்களைத் திரட்டவேண்டியிருக்கிறது.

ஒன்பதாம் படி: தொடர்ந்து கவனித்தல்

ஒரு கொப்பியில் திகதி, நீர்மட்டம், மின்கடத்துதிறன், அன்று மழை பெய்ததா என்ற குறிப்பு ஆகியவற்றை மாதம் ஒருமுறை எழுதிவருவது ஆய்வுகூட அறிக்கைக்கு நிகரான ஆவணம். பாடசாலையில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளிடம் இதனை ஒப்படைத்தால் ஒழுங்காக நடக்கும். அமோனியாவும் நைத்திரேற்றும் குளோரைட்டும் மேல்புறக் கிணற்றின் அளவுக்கு இறங்கி, தொடர்ந்து இரண்டு மாரியும் இரண்டு கோடையும் அப்படியே நின்றால் மட்டும் கிணற்றைக் குடிநீருக்குத் திரும்பப் பயன்படுத்துவதைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருடன் பேசலாம். அதற்கு முன் வளவை விற்பதாகவோ வாடகைக்குக் கொடுப்பதாகவோ இருந்தால், கொப்பியையும் அறிக்கைகளையும் வருகிறவர்களிடம் காட்டி, எந்தக் குழாய் கிணற்றுக்குரியது, எது தாங்கிக்குரியது என்று குழாயின் மேலேயே எழுதிவையுங்கள்.